விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுப் பழகிய பழமொழி. “முதற் கோணல் முற்றும் கோணல்” என்பது இன்னொன்று. ஊரிலிருந்து வேறெதைக் கொண்டுவந்தோமோ இல்லையோ, இவ்விரண்டையும் மறக்காமல் கொண்டுவந்துவிட்டோம். இங்கு மொன்றியாலில் எமது பிள்ளைகளை எடைபோடும்போது இவற்றையே அடிக்கடி பாவிக்கிறோம். இவை எவ்வளவு தூரம் சரி, எவ்விடத்தில் பிழைக்கின்றன என்பதைக் கூடைப்பந்தாட்டத்தை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூடைப்பந்தாட்டம் ஏன் என்று சிலர் கேட்கலாம். ஊரில் எமக்குப் பழக்கமானவை உதைபந்தாட்டம், கிரிக்கெற், கரப்பந்தாட்டம், பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம். கூடைப்பந்தாட்டம் சில பாடசாலைகளோடு நின்றுவிட்டது. இங்கு நிலைமை வேறு. பிள்ளையை ஹொக்கிக்கு விடுவதென்றால் சறுக்குச் சப்பாத்து, தலைக்கவசம், தடி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கூடைப்பந்துக்கு ஒரு பந்தும் ஒரு சோடிச் சப்பாத்தும் போதும். பூங்காக்களில் வளையங்கள் இலவசமாகவே நிற்கின்றன. பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோத்-டெ-நேஜிலும் கோடை மாலைகளில் எமது பிள்ளைகள் இருட்டும்வரை நிற்பது அங்கேதான். ஆகவே இந்த ஆட்டம் எமது வீட்டு விடயமாகவும் ஆகிவிட்டது.

சென்ற கோடையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். எமக்குத் தெரிந்த குடும்பமொன்றின் பதின்மூன்று வயது மகன் முதன்முதலாக ஒரு சுற்றுப்போட்டியில் ஆடினான். தகப்பனார் இரவு வேலை முடிந்து நித்திரை கொள்ளாமல் நேரே மைதானத்துக்கு வந்திருந்தார். நாமும் பக்கத்தில் இருந்தோம். மகன் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து ஐந்து தடவை எறிந்தான். ஐந்தும் வளையத்தில் பட்டு வெளியே போயின. ஒரு புள்ளிகூட இல்லை.

“இது இவனுக்குச் சரிவராது தம்பி. இந்த நேரத்திலை இருந்து கணக்கைப் படிச்சாலாவது பிரயோசனம்” என்றார் தகப்பனார்.

“ஓம் அண்ணை, முதலிலேயே தெரிஞ்சது நல்லதுதான்” என்று நாமும் தலையாட்டினோம்.

அடுத்த கிழமை அந்தப் பையன் வரவில்லை. எதிரணியின் பயிற்றுநர், ஹெயிட்டி நாட்டவர், எம்மிடம் வந்து, “அந்தச் சின்னப் பையன் எங்கே? எங்களுடைய கெட்டிக்காரனைப் பந்தைத் தொடவிடாமல் பண்ணினவன் அவன்தானே?” என்று விசாரித்தார். அதே ஆட்டத்தைத்தான் நாமும் பார்த்தோம். ஆனால் அதை நாம் காணவில்லை. நாம் பார்த்தது புள்ளிப் பலகையை மட்டுமே.

லாஸ் வேகாஸ் கோடைப் போட்டிகள்

இந்தப் பிழையை நாம் மட்டும் விடவில்லை. இதையே தொழிலாகச் செய்பவர்களும் ஒவ்வொரு ஆடி மாதமும் விடுகிறார்கள். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கமான என்.பி.ஏ.யில் 30 அணிகள் உள்ளன. ஜூன் மாத இறுதியில் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் ஒவ்வொருவராகத் தெரிவு செய்யும். அதன்பின் சில நாட்களில், ஜூலையில், அவர்களை ஆடவிட்டுப் பார்ப்பதற்கென்று கோடைகாலப் போட்டிகள் நடைபெறும். இதைத்தான் ‘சமர் லீக்’ என்கிறார்கள். இவற்றில் பெரியது லாஸ் வேகாஸில் நடப்பது. 2004ஆம் ஆண்டு 6 அணிகளுடன் தொடங்கிய அப்போட்டியில் 2018 முதல் 30 அணிகளும் பங்குபற்றுகின்றன.

இது மெய்யான போட்டியல்ல, ஒரு பரீட்சார்த்தம் என்பதை விதிகளே காட்டிவிடும். மெய்யான ஆட்டம் 48 நிமிடம்; இங்கு 40 நிமிடம். மெய்யான ஆட்டத்தில் 6 தவறு செய்தால் வெளியேற வேண்டும். இங்கு 10 வரை விடுவார்கள். மெய்யான பருவத்தில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள்; இங்கு ஐந்தாறு மட்டுமே. பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் இதில் ஆடுவதில்லை. புதியவர்களும், ஒப்பந்தம் கிடைக்காதா என்று ஏங்கி நிற்பவர்களுமே ஆடுவார்கள். கூட ஆடுபவரின் பெயரைப் பாடமாக்கு முன்னரே போட்டி முடிந்துவிடும்.

இருந்தும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள், இவன் அடுத்த பெரிய நட்சத்திரம், அவன் வீண் தெரிவு என்று தீர்ப்புகள் வந்து குவியும். பின்னர் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

2012ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் சிறந்த ஆட்டக்காரர் விருது இருவருக்குப் பகிர்ந்து வழங்கப்பட்டது. ஒருவர் போர்ட்லண்ட் அணியின் டேமியன் லிலார்ட், மற்றவர் மெம்பிஸ் அணியின் ஜோஷ் செல்பி. லிலார்ட் அடுத்த ஆண்டே சிறந்த புதுமுக ஆட்டக்காரராகத் தெரிவானார். 2021இல் சங்கத்தின் 75ஆவது ஆண்டு நிறைவையொட்டி அறிவிக்கப்பட்ட, எக்காலத்துக்குமான தலைசிறந்தவர்களின் பட்டியலிலும் இடம்பெற்றார். செல்பியோ 2013க்குப் பின்னர் என்.பி.ஏ.யில் ஆடவேயில்லை. ஒரே கோடை, ஒரே விருது. முளையில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

மறுபக்கம் பாருங்கள். 2018 கோடையில் அட்லாண்டா அணிக்காக முதல் தடவை ஆடிய ட்ரே யங், 20 தடவை எறிந்து 4 தடவை மட்டுமே கூடைக்குள் போட்டார். அகலத் தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிகைகளில் பதினொன்றுக்கு ஒன்று. “முதற் கோணல்” என்று பலர் அன்றே எழுதி முடித்துவிட்டார்கள். 2020இல் அவர் நட்சத்திர ஆட்டக்காரர்களின் அணியில் முதல் ஐவரில் ஒருவராக இறங்கினார்.

2023 ஜூலை 7ஆம் திகதி பிரான்ஸ் நாட்டு இளைஞர் விக்ரர் வெம்பன்யாமாவின் முதல் ஆட்டம். 13 எறிகையில் 2 மட்டுமே விழுந்தன. எடுத்தது 9 புள்ளிகள். இரண்டு நாள் கழித்து அவரே 27 புள்ளிகள் எடுத்தார். இரண்டு நாளில் ஒரு மனிதனுக்கு ஆட்டம் மாறிவிடாது. அந்த முதலாவது ஆட்டத்திலும், எதிரணி எறிந்த பந்துகளில் ஐந்தை அவர் வானிலேயே மறித்தார் என்பதை அன்று சிலரே கவனித்தார்கள். கை சில நாட்களில் பிசகும். நீண்ட கையும் ஆட்டத்தை வாசிக்கும் கண்ணும் பிசகுவதில்லை. அடுத்த ஆண்டு சிறந்த புதுமுகமாக அவரை ஏகமனதாகத் தெரிவு செய்தார்கள்.

ஐந்து எறிகையின் கணக்கு

ஏன் இப்படி நடக்கிறது? இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டினால் ஐந்து பூ, ஐந்து தலை விழும் என்று எவரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஏழு, எட்டுத் தலை விழுவதும் உண்டு. அதற்காக நாணயம் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடுவோமா?

மூன்று புள்ளி எறிகையை நூற்றுக்கு 35 வீதம் போடக்கூடிய ஒரு நல்ல ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆட்டங்களில் அவர் 25 தடவை எறிந்தால் ஒன்பது அளவில் விழவேண்டும். ஆனால் அதிர்ஷ்டம் மட்டுமே கூடிக் குறைந்து, ஐந்து விழவும் கூடும், பதின்மூன்று விழவும் கூடும். ஐந்து விழுந்தால் “இவனுக்கு எறியத் தெரியாது” என்பார்கள். பதின்மூன்று விழுந்தால் “இவனைப்போல் ஒருவனைக் கண்டதில்லை” என்பார்கள். ஆள் ஒருவரே.

நாம் மேலே சொன்ன பையனுக்கும் இதே கணக்குத்தான். பத்துக்கு மூன்று போடக்கூடிய ஒரு பிள்ளை ஐந்து தடவை எறிந்து ஐந்தையும் தவறவிடுவதற்கு ஏறக்குறைய ஆறுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. தாயக்கட்டையை ஒரு தடவை உருட்டி, விழுந்த இலக்கத்தை வைத்து அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

சில ஆட்டங்களை மட்டும் பார்த்து ஒன்றுமே சொல்ல முடியாது என்பதல்ல எமது வாதம். எது தெரியும், எது தெரியாது என்று பிரித்தறிய வேண்டும் என்பதே. அனுபவமுள்ள பயிற்றுநர்கள் கவனிப்பவற்றுள் சிலவற்றை இங்கு தருகிறோம்.

முதலாவது, கால். எதிராளி அசையும்போது இவன் கால் உடனே அசைகிறதா, அல்லது கையை மட்டும் நீட்டுகிறானா? காலைப் பாவிப்பவன் தடுத்தாட்டத்தைக் கற்றுக்கொள்வான்.

இரண்டாவது, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து. அது யாருக்கும் சொந்தமில்லாத பந்து. அதற்கு ஓடுகிறவன் இன்றும் ஓடுவான், நாளையும் ஓடுவான். எறிகையைப்போல் இது நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை.

மூன்றாவது, ‘ப்றீ த்றோ’ எனப்படும் தண்ட எறிகை. எதிரே எவரும் மறிக்காமல், ஒரே இடத்தில் நின்று எறிவது இது. கையின் உண்மையான பழக்கம் இதில்தான் தெரியும். ஓட்டத்தில் எறிந்து தவறவிடுபவனும் இதை ஒழுங்காகப் போட்டால் அவனுக்குக் காலம் கொடுக்கலாம்.

நான்காவது, வயது. என்.பி.ஏ. கோடைப் போட்டியில் 24 வயதுக்காரர் 19 வயதுக்காரரை வெல்வது பெரிய அதிசயமல்ல. பிள்ளைகளிடம் இது இன்னும் முக்கியம். பதின்மூன்று வயதில் மீசை முளைத்தவனும் முளைக்காதவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். முந்தி வளர்ந்தவன் இன்று எல்லோரையும் தள்ளிக்கொண்டு போவான். மற்றவர்கள் வளர்ந்த பின்னர் அவனிடம் என்ன மிஞ்சும் என்பதே கேள்வி. கனடாவின் ஹொக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகளே அதிகமாக இருப்பதை ரொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980களிலேயே எடுத்துக்காட்டினார். தை மாதத்தில் பிறந்தவன் மார்கழியில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். அந்த ஒரு வயதைப் பலர் திறமை என்று எண்ணிவிட்டார்கள்.

ஐந்தாவது, தவறவிட்ட பின் அவன் செய்வது. தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறானா, அல்லது திரும்பி ஓடித் தன் ஆளைப் பிடிக்கிறானா? எந்தப் புள்ளிப் பலகையிலும் இது எழுதப்படுவதில்லை.

எமது நகரத்துப் பிள்ளைகள்

2025 ஜூன் 22ஆம் திகதி இரவு என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் நடைபெற்றது. ஒக்லஹோமா சிற்றி அணி இண்டியானா அணியை 103 - 91 என்று வென்றது. வென்ற அணியில் லுகென்ஸ் டோர்ட். தோற்ற அணிக்காக அன்று 24 புள்ளிகள் எடுத்தவர் பெனடிக்ட் மத்தூரின். இருவரும் எமது மொன்றியால்-நோர் பகுதியில் வளர்ந்தவர்கள். இருவரின் பெற்றோரும் ஹெயிட்டி நாட்டிலிருந்து வந்தவர்கள். எமது பக்கத்துத் தெருப் பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

இவர்களின் தொடக்கம் ஒன்றுபோல் இருக்கவில்லை. மத்தூரின் 2022இல் ஆறாவது ஆளாகத் தெரிவு செய்யப்பட்டார். டோர்ட்டோ 2019ஆம் ஆண்டுத் தெரிவில் பங்குபற்றினார். அன்று 60 பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவர் பெயர் வாசிக்கப்படவில்லை. பின்னர் பெரிய அணிக்கும் அதன் சிறிய அணிக்குமிடையே போய்வரும் இருவழி ஒப்பந்தம் ஒன்றையே பெற்றுக்கொண்டார். அவரது எறிகை அப்போது திருத்தமாக இல்லை. ஆனால் கால் இருந்தது, மனம் இருந்தது. 2020 செப்டெம்பரில், ஹூஸ்ரன் அணிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், பெயர்பெற்ற ஜேம்ஸ் ஹார்டனைத் தடுத்தாடியபடியே 30 புள்ளிகள் எடுத்தார். 2025இல் தடுத்தாட்டத்தில் தலைசிறந்த ஐவருள் ஒருவராகத் தெரிவானார். அறுபது பேரைத் தெரிந்தவர்கள் தவறவிட்டது இவரைத்தான்.

கிறிஸ் பூஷேயின் கதை எம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. செயின்ற் லூசியா தீவில் பிறந்து, சிறுவயதில் மொன்றியாலுக்கு வந்தவர். பாடசாலையை இடையில் விட்டு, உணவகமொன்றில் கோப்பை கழுவியவர். இந்நகரில் கோப்பை கழுவாத எம்மவர் எத்தனை பேர்? 2012இல், 19 வயதில், உள்ளூர்ச் சுற்றுப்போட்டி ஒன்றில்தான் பயிற்றுநர்களின் கண்ணில் பட்டார். சிறிய கல்லூரிகள் இரண்டு, பின்னர் ஒறிகன் பல்கலைக்கழகம், 2017இல் முழங்காலில் பெரிய காயம். அவ்வாண்டுத் தெரிவில் அவர் பெயரும் வாசிக்கப்படவில்லை. 2019இல் ரொறன்ரோ ராப்ரர்ஸ் வெற்றிக் கிண்ணம் பெற்றபோது அந்த அணியில் இருந்தார்.

ஒரு நேர்மையான கேள்வி எழும். ஒரு சுற்றுப்போட்டியைப் பார்த்துத்தானே பூஷேயைக் கண்டுபிடித்தார்கள்? உண்மைதான். ஆனால் அன்று அந்தப் பயிற்றுநர்கள் எழுதியது தீர்ப்பல்ல, கொடுத்தது சந்தர்ப்பம். மீதி ஏழு ஆண்டு உழைப்பு.

முளையைப் பார்த்து மாலை போடுவதும் இதே பிழைதான். ரொறன்ரோவில் பிறந்த அந்தோனி பெனெற் 2013இல் முதலாவது ஆளாகவே தெரிவு செய்யப்பட்டார். நான்கு பருவங்களில் நான்கு அணிகள் மாறி, 2017இல் அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்துவிட்டது. 2015இல் பஞ்சாப்பின் ஒரு கிராமத்திலிருந்து சென்ற சத்னம் சிங், தெரிவு செய்யப்பட்ட முதல் இந்தியர் என்று உலகமே பேசியது. கோடைப் போட்டிகளில் ஆடினார். மெய்யான பருவத்தில் ஓர் ஆட்டமும் கிடைக்கவில்லை. இதனால் அவர்கள் கெட்டிக்காரர்கள் அல்ல என்றாகாது. உயரத்தை எவரும் ஒரு பார்வையில் காணலாம். மீதியைக் காணக் காலம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தைத்தான் எல்லோரும் முதலில் பேசினார்கள். 2009இலும் பின்னர் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் அவர் இருந்தார். இடையில் கழிந்த ஒன்பது ஆண்டுகளை உயரம் மட்டும் கொடுக்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

நாம் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். புதிதாக வருபவரை முதற் கிழமையிலேயே எடைபோடும் பழக்கம் எங்கள் வரிசையிலும் உண்டு. முதல் நாளே வேகமாகப் பெட்டி அடுக்குபவரைக் காட்டி “இவர் நிற்பார்” என்போம். மெதுவாகச் செய்பவரைப் பார்த்துச் சிரிப்போம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பலதடவை மெதுவானவரே நிற்கிறார், பிழையில்லாமல் செய்கிறார், மற்றவருக்கும் காட்டிக் கொடுக்கிறார். எம்மில் பலரையும் முதற் கிழமையை வைத்துத் தீர்த்திருந்தால், மொழி விளங்காமல் விழித்துக்கொண்டு நின்ற எமக்கு இன்று வேலை இருந்திராது.

அந்த அவகாசத்தை நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமா? பிரெஞ்சு மொழி தெரியாமல் வந்து, வரவேற்பு வகுப்பில் இருத்தப்பட்ட பிள்ளையின் முதலாவது பெறுபேற்று அறிக்கையைப் பார்த்து, “இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று எத்தனை வீடுகளில் சொல்லியாயிற்று? அது படிப்பின் அளவல்ல. ஐந்து எறிகையின் கணக்கு.

அதேபோல், ஒரு கோடையில் நன்றாக ஆடிய மகனைக் கண்டு, கடன்பட்டு அமெரிக்கப் பாடசாலைக்கு அனுப்ப எண்ணும் பெற்றோரும் உண்டு. அவர்களுக்கும் இதையே சொல்வோம். கியூபெக் பாடசாலைகளில் பென்ஜமின், கடே, ஜூவெனில் என்று வயதுப்பிரிவு வாரியாக அணிகள் உண்டு. அதன் பின்னர் செஜெப் கல்லூரி அணிகளும் உண்டு. படிப்பையும் ஆட்டத்தையும் ஒன்றாகவே கொண்டுபோகலாம். அவசரப்படுத்துவோரிடம், குறிப்பாகக் காசு கேட்டு அவசரப்படுத்துவோரிடம், இரண்டு பருவம் பொறுத்துச் சொல்கிறோம் என்று மறுமொழி கொடுங்கள். மகளுக்கும் இதே நியாயம்தான். மகனுக்குக் கொடுக்கும் அவகாசத்தில் ஒரு நாளும் குறையவேண்டாம்.

அந்தப் பையனின் வீட்டுக்கு நாம் போனோம். பயிற்றுநர் கேட்டதைச் சொன்னோம். “நானும் பிழையாய்ச் சொல்லிப்போட்டன் அண்ணை” என்று ஒப்புக்கொண்டோம். தகப்பனார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, “கணக்கையும் விடக்கூடாது, விளங்குதோ?” என்றார். அவன் சப்பாத்தைத் தேடி எடுக்க ஓடியதை வாசலில் நின்று பார்த்தோம்.

இப்போது அவன் மீண்டும் ஆடுகிறான். இன்னமும் அதிகம் போடுவதில்லை. பெரிய ஆட்டக்காரனாக வருவானா என்று எவராவது கேட்டால், தெரியாது என்றே சொல்வோம். நெல் விதைத்த எம்மவருக்குத் தெரியாததா? முளையைப் பார்த்து நம்பிக்கை வைக்கலாம். ஆனால் முளையை எண்ணி எவரும் மூட்டை கட்டுவதில்லை. வாடிய முளையைக் கண்டவுடன் வயலை விட்டுப் போவதுமில்லை. தண்ணீர் கட்டுகிறோம், களை பிடுங்குகிறோம், காத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கும் அதையே செய்வோம்.